பெயர் தெரியாத குழுவுக்கும் 40 நிமிடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் இசை நிகழ்ச்சிகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். டிக்கெட் என்ன விலை, வண்டியை எங்கே நிறுத்தினார்கள், நெரிசல் எப்படி, பாடகர் எத்தனை மணிக்கு மேடை ஏறினார், எல்லாம் இருந்தது. எழுத வேண்டிய விஷயங்கள்தான், தப்பே இல்லை. ஆனால் அந்த முழுப் பக்கத்தில், அன்றைக்கு டிரம்ஸ் வாசித்தது யார், பேஸ் கிட்டார் யார், பின்னால் நின்று கூடப் பாடிய பெண்கள் யார் என்று ஒரு பெயர்கூட இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், நீங்கள் சுருக்கிப் போட்டாலும் சரி.

நான் மதுரை மாவட்டத்தில் 27 வருடமாக மைக் செட் வைத்திருப்பவன். கூம்பு ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டி கேசட் போட்ட காலத்தில் தொடங்கி இப்போது டிஜிட்டல் மிக்ஸர் வரைக்கும் வந்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவேன், இருந்தாலும் மெல்லிசைக் கச்சேரி என்றால் ஒரு தனிச் சந்தோஷம். ஆயிரம் கச்சேரிக்குக் குறையாமல் மிக்ஸருக்குப் பின்னால் நின்றிருப்பேன். ஆனால் டிக்கெட் எடுத்துக்கொண்டு, கையில் எந்த வேலையும் இல்லாமல், கூட்டத்தில் ஒருவனாக நின்று நாலு நாள் தொடர்ந்து பாட்டுக் கேட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அது அருணாச்சலப் பிரதேசத்தில், ஜிரோ என்கிற ஊரில் நடக்கிற இசை விழாவில்.

அழைத்துப் போனது என் அக்கா மகன். பெங்களூரில் வேலை பார்க்கிறான், வருடா வருடம் அங்கே போகிறவன். "மாமா, இத்தனை வருஷம் மத்தவங்க கேக்குறதுக்காக நின்னீங்க, ஒரு தடவை நீங்க கேக்குறதுக்கு வாங்க" என்றான். அதற்கு மேல் என்ன சொல்வது, கிளம்பிவிட்டேன். மதுரையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து கவுகாத்திக்கு இரண்டு நாள் ரயில், அங்கிருந்து ராத்திரி கிளம்பும் டோனி போலோ எக்ஸ்பிரஸில் நாகர்லாகுன், அப்புறம் ஷேர் சுமோவில் பாதி நாள் மலை ஏற்றம். வெளிமாநிலத்துக்காரர்கள் அந்த மாநிலத்துக்குள் நுழைய இன்னர் லைன் பெர்மிட் வேண்டும், அதையும் அவனே விண்ணப்பித்து வாங்கிவிட்டான்.

ஜிரோ 5,000 அடிக்கு மேலே இருக்கிற ஒரு பள்ளத்தாக்கு. சுற்றிலும் பைன் மரம் மூடிய மலை, நடுவில் தரையெல்லாம் வயல். அங்கே வாழ்கிறவர்கள் அபதானி மக்கள். ஒரே வயலில் நெல்லும் போடுகிறார்கள், மீனும் வளர்க்கிறார்கள், வரப்பில் கேழ்வரகு நிற்கிறது. நாங்கள் போன செப்டம்பர் கடைசியில் கதிர் பழுத்துத் தலை சாய்ந்திருந்தது. அந்த வயல்களை ஒட்டித்தான் விழா நடக்கிற இடம்.

2012-இல் தொடங்கிய விழா இது. டெல்லியில் மென்ஹுபாஸ் என்று ஒரு ராக் குழு, அதில் கிட்டார் வாசிக்கிற அனூப் குட்டியும், ஜிரோக்காரரான பாபி ஹானோவும் சேர்ந்து ஆரம்பித்தது. நாலு நாள், இரண்டு மேடை. பகல் மேடைக்குப் பெயர் டான்யி, ராத்திரி மேடைக்குப் பெயர் பீலோ. அபதானி மொழியில் சூரியனும் சந்திரனும். வடகிழக்கில் செப்டம்பர் கடைசியில் ஐந்தேகால் மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, அதனால் சூரியன் மேடையிலிருந்து சந்திரன் மேடைக்குக் கூட்டம் நகர்கிறபோது வானத்திலும் அதேதான் நடந்துகொண்டிருக்கும். இரண்டு மேடையும் மூங்கிலில் கட்டியவை. ஊர்க்காரர்களே வெட்டி, பிளந்து, முடைந்து கட்டுகிறார்கள். நம் பந்தல்காரர்களைப் போல அவர்களும் கண்ணாலேயே அளந்து கட்டுகிறவர்கள் என்பது அந்த முடிச்சுகளைப் பார்த்தாலே தெரியும்.

முதல் நாள் நான் பாட்டையே கேட்கவில்லை. தொழில் புத்தி விடவில்லை, குழு மாறுகிற நேரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் ஒரு மேடையில் இரண்டு குழு வாசிக்கிறது என்றால் நடுவில் முக்கால் மணி நேரம் "ஹலோ மைக் டெஸ்டிங்" போகும், அறிவிப்பாளர் நன்றி சொன்னவர்களுக்கே திரும்ப நன்றி சொல்லிக்கொண்டிருப்பார், கூட்டம் எழுந்து டீக்கடைக்குப் போய்விடும். அங்கே ஒரு குழு இறங்கி அடுத்த குழு முதல் பாட்டைத் தொடங்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. எப்படி என்று சொல்கிறேன், இது தெரிந்தால் நம் விழாக் கமிட்டிக்காரர்களுக்கும் உதவும். டிரம்ஸும் கிட்டார், பேஸ் ஆம்ப்ளிஃபயர்களும் நாள் முழுக்க மேடையிலேயே இருக்கின்றன, எல்லாக் குழுவுக்கும் அவைதான். டிரம்ஸ்காரர் தன் ஸ்நேர், சிம்பல், பெடல் மட்டும் கொண்டுவந்து மாட்டிக்கொள்கிறார். யார் எங்கே நிற்பார்கள், யாருக்கு எத்தனை மைக், கீபோர்டை மிக்ஸரோடு இணைக்கிற டி.ஐ. பாக்ஸ் எத்தனை என்று ஒவ்வொரு குழுவும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறது, அந்தத் தாள் மேடை ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. காலையில் சவுண்ட் செக்கைக் கடைசியாக வாசிக்கப்போகிற குழுவிலிருந்து தலைகீழாகப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள், அதனால் முதலில் வாசிக்கிற குழு கடைசியாகச் செக் பண்ணும், அது வைத்த மைக்கும் ஒயரும் அப்படியே நிற்கும். மற்றவர்களுக்கு மிக்ஸரில் சேமித்து வைத்த அளவைக் கூப்பிட்டு, ஒவ்வொரு மைக்கிலும் ஒரு தட்டு, ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

மிக்ஸரில் நின்ற பையனுக்கு 25 வயது இருக்கும். எந்த ஊர் என்று கேட்கவில்லை. ரெயின் கோட்டுக்குள் கழுத்தில் ஒரு துண்டைப் போட்டிருந்தான். ஒவ்வொரு குழு ஏறும்போதும் முதல் பாட்டு முடிகிறவரை, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. மத்தியானம் ஒரு மணிக்கு, எதிரே ஐம்பது பேர்கூட இல்லாதபோது ஏறிய குழுவுக்கும் அப்படித்தான் நின்றான், ராத்திரி கடைசிக் குழுவுக்கும் அப்படித்தான் நின்றான். அவனைப் பார்க்கப் பார்க்க எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் நாளிலிருந்து பாட்டு காதில் விழ ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது குழு. நாலு நாளில் நான் கேட்டது 31 குழு, நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். இதில் வரும்போது எனக்குப் பெயர் தெரிந்த குழு ஒன்றுகூடக் கிடையாது. மேகாலயாவின் காசி மக்கள் மொழியில் பாடினார்கள், மிசோவில் பாடினார்கள், நாகா மொழிகளில் இரண்டு மூன்றில் பாடினார்கள், இங்கிலீஷில் பாடினார்கள், இந்தி கொஞ்சம். எனக்கு இதில் எந்த மொழியும் உருப்படியாகத் தெரியாது. ஆனால் ஒரு விஷயம், எல்லாமே அவர்களுடைய சொந்தப் பாட்டு. நாலு நாளில் யாரும் சினிமாப் பாட்டைத் தொடவில்லை, கூட்டத்திலிருந்து யாரும் கேட்கவும் இல்லை.

குரல் சேர்ந்து பாடுவதில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாலு பேர் நாலு சுருதி நிலையில் பாடினால் பிசிறில்லாமல் வந்து பூட்டிக்கொள்கிறது. மருமகன்தான் காரணம் சொன்னான்: காசி மலையிலும் மிசோரத்திலும் வேல்ஸ் நாட்டு மிஷனரிகள் வந்தபோது டோனிக் சோல்ஃபா என்கிற எழுத்து முறையில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள், அன்றிலிருந்து தேவாலயத்தில் சின்னக் குழந்தைகூட ஆளுக்கொரு குரலாகப் பிரித்துப் பாடப் பழகிவிட்டது என்று. கிட்டார் மோகமும் அங்கே இன்று நேற்று வந்தது கிடையாது. ஷில்லாங்கில் லூ மஜா என்பவர் 1972-லிருந்து ஒவ்வொரு மே 24-ஆம் தேதியும் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்தநாளுக்குக் கச்சேரி நடத்திவருகிறார். அதே சமயம் சொந்த மண்ணின் பாட்டையும் விடவில்லை. மணிப்பூரின் தாங்குல் நாகா பாடகர் குரு ரூபென் மஷாங்வா இந்த விழாவில் பாடியிருக்கிறவர், தன் மக்களின் பழைய பாட்டை ப்ளூஸ் இசையோடு சேர்த்தவர், டிங்டெய்லா என்கிற அவர்களுடைய தந்தி வாத்தியத்தைக் கிட்டாரோடு சேர்ந்து ஒலிக்கும்படி வருடக்கணக்கில் திருத்திச் செய்தவர், 2021-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். நியூயார்க்கின் சோனிக் யூத் என்கிற ராக் குழுவிலிருந்து லீ ரனால்டோவும் ஸ்டீவ் ஷெல்லியும்கூட இந்த வயல் ஓரத்துக்கு வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் ஏறிய மூங்கில் மேடையில்தான் முதல் முறை ஊரை விட்டு வெளியே வந்து வாசிக்கிற பையன்களும் ஏறுகிறார்கள்.

மூன்றாம் நாள் மழை. அங்கே செப்டம்பரில் மழை பெய்யத்தான் செய்யும் என்று தெரிந்து பாதிப் பேர் கம்பூட்ஸோடுதான் வந்திருந்தார்கள், நான் செருப்போடு போய் மாட்டிக்கொண்டேன், கணுக்கால் வரை சேறு. பகல் மேடையில் மூன்று பெண்களும் ஒரு பையனும் ஏறினார்கள். பாட்டுக்காரப் பெண் இந்தியில் ஏதோ சொன்னாள், மருமகன் காதருகில் சொன்னான்: "இந்தப் பாட்டு இருக்குற மொழியை எங்க ஊரு தாண்டினா யாரும் பேச மாட்டாங்க, உங்களுக்குப் புரியாது, பரவாயில்லை, எங்க பாட்டிக்குப் புரியும்னு சொல்றா மாமா." மழை வலுத்தது. ஸ்பீக்கர் மேல் தார்ப்பாய் இழுத்தார்கள். கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தேன், 27 வருடத்தில் மழைக்குக் கலையாத கூட்டத்தை நான் பார்த்ததில்லை. ஒருத்தரும் போகவில்லை. குடை வைத்திருந்தவர்கள்கூடப் பின்னால் நிற்கிறவர்களுக்கு மறைக்கும் என்று மடக்கிவிட்டார்கள். மூங்கிலில் மழை விழுகிற சத்தம் மைக் வழியாக வெளியே வந்துகொண்டே இருந்தது, மிக்ஸரில் நின்ற பையன் அதை வெட்டாமல் அப்படியே விட்டுவிட்டான். நான் நின்றிருந்தால் அந்தச் சத்தத்தைக் குறைத்திருப்பேன். அவன் விட்டதுதான் சரி. பாட்டு முடிந்ததும் என் பக்கத்தில் நின்ற ஒருவர், ராஜஸ்தானோ ஹரியானாவோ தெரியவில்லை, முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழையைத் துடைத்த மாதிரி இல்லை.

அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு பழைய ராத்திரி ஞாபகம் வந்தது. இதைச் சொல்லாமல் கடிதத்தை முடிக்க முடியாது.

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஒரு கிராமத்துத் திருவிழா, மெல்லிசைக் கச்சேரி, மைக் செட் என்னுடையது. அந்தக் குழுவில் கீபோர்டு வாசித்த பையன் கொஞ்சம் கிட்டாரும் வாசிப்பான், பாட்டும் எழுதுவான். அன்றைக்குக் காலையிலிருந்து என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தான், "அண்ணே, ராத்திரி ஒரே ஒரு பாட்டு, என் பாட்டு பாடிக்கிறேன், சவுண்டு மட்டும் நல்லா வச்சு விடுங்க." சரி தம்பி என்றேன். பத்து மணிக்கு நிறுத்தியாக வேண்டும், ஒன்பதரை மணிக்கு அவன் பாட ஆரம்பித்தான். அவன் ஊர்க் கண்மாய் வற்றிப்போனதைப் பற்றி ஒரு பாட்டு. முதல் இரண்டு வரி முடிவதற்குள் கூட்டத்தில் சலசலப்பு, "டேய் சினிமாப் பாட்டுப் போடு" என்று நாலைந்து பேர் எழுந்தார்கள். கமிட்டியிலிருந்து ஒருவர் என்னிடம் வந்து, "அண்ணே, அதை இறக்குங்க" என்றார். நான் இறக்கினேன். அவன் மைக்கின் ஃபேடரை மெதுவாக, கடைசி வரை இறக்கினேன்.

மேடையில் பாடுகிறவர் தன் குரலைக் கேட்க மானிட்டர் என்று ஒரு ஸ்பீக்கர் காலடியில் இருக்கும். அதற்குப் போகிற சத்தம் தனி வழி, வெளி ஸ்பீக்கரின் ஃபேடரை இறக்கினாலும் அது குறையாது. அதனால் அவன் குரல் அவனுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. வெளியே ஒன்றும் போகவில்லை என்று தெரியாமல், கண்ணை மூடிக்கொண்டு இன்னும் நாலு வரி பாடினான். கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். அடுத்த பாட்டு சினிமாப் பாட்டு, குழு தொடங்கிவிட்டது.

கொஞ்ச நாளில் அவன் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். என்னால்தான் போனான் என்று சொல்ல வரவில்லை, வீட்டுக் கஷ்டம் அவனுக்கு இருந்தது. ஆனால் அந்த விரல் என்னுடையது. ஜிரோவில் ஒரு மணி வெயிலில் ஐம்பது பேருக்கு வாசித்த குழுவுக்காக ஃபேடரை விட்டு நகராமல் நின்றானே ஒரு பையன், அவன் விரலைப் பார்த்தபோது எனக்கு என் விரல்தான் ஞாபகம் வந்தது.

ஆசிரியர் அவர்களே, பல நாள், பல குழு என்பது நமக்குப் புதிதா? நம் ஊர்த் திருவிழாவே பத்து நாள்தானே. முன்பெல்லாம் ஒரு நாள் வில்லுப்பாட்டு, ஒரு நாள் கரகாட்டம், ஒரு நாள் வள்ளி திருமணம் நாடகம், ஒரு நாள் நையாண்டி மேளம், ஒரு நாள் மெல்லிசை என்று ஊரே பாயைக் கொண்டுவந்து போட்டு உட்காரும். யார் வருகிறார்கள் என்று தெரியாமலேயே வந்து உட்காருவார்கள், பிடித்துப்போனால் அடுத்த வருடமும் அதே குழுவைக் கூப்பிடுவார்கள். குழுக்கள் அப்படித்தான் வளர்ந்தன. இப்போது நான் போகிற ஊர்களில் பத்து நாள் காசையும் சேர்த்து ஒரே நாளில் டி.வி.யில் வந்த முகத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள், மீதி நாளெல்லாம் பென் டிரைவில் பாட்டு ஓடுகிறது.

மேடை மாற்றுகிற வித்தையும் நமக்குத் தெரிந்ததுதான். தை மாதம் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்குப் போய்ப் பாருங்கள், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு மேடை போட்டிருப்பார்கள். ஒன்றில் ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்தவர் சுருதி சேர்த்துத் தயாராகிவிடுவார். ஆளுக்குக் கொஞ்ச நேரம்தான். பெரிய வித்வானும் அந்த நேரத்துக்குள் பாடிவிட்டு இறங்குவார், பெயர் தெரியாத சின்னப் பிள்ளையும் அதே மேடையில் பாடிவிட்டு இறங்கும். ஜிரோவில் நான் பார்த்த ஒழுங்கை அங்கே பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். கிட்டார் வாசிக்கிற பிள்ளைக்கும், கானா பாடுகிற பிள்ளைக்கும், பறை அடித்துப் பாடுகிற பிள்ளைக்கும் அதைச் செய்தால் என்ன?

சென்னையில் யாரும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2007-இல் சென்னை சங்கமம் தொடங்கியபோது கிராமத்துக் கலைக்குழுக்கள் பூங்காவிலும் தெருவிலும் ஆடிப்பாடியதை மறக்க முடியாது. இடையில் நின்றுபோய் 2023 பொங்கலுக்கு அரசே மறுபடி நடத்த ஆரம்பித்தது. 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு முதல் முறை மேடை ஏறி கானாவையும் ராப்பையும் ராக்கையும் ஒன்றாகப் போட்டுச் சொந்தப் பாட்டுகளைப் பாடியபோது எவ்வளவு கூட்டம். 2020-லிருந்து நீலம் பண்பாட்டு மையம் மார்கழியில் மக்களிசை நடத்துகிறது, ஒப்பாரியும் கானாவும் மார்கழி மேடைக்கு வந்தன. இவையெல்லாம் பெரிய காரியங்கள். என் ஆசை, இது மாவட்டத்துக்கு வர வேண்டும். தேனியில், விருதுநகரில், புதுக்கோட்டையில், ஒரு கிராமத்தில் மூன்று நாள்.

கிராமத்தில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஜிரோவில் நாங்கள் தங்கியது ஹோங் கிராமத்தில் ஒரு வீட்டில். நடுக்கூடத்தில் அடுப்பு எரியும், ராத்திரி ஈரத் துணியோடு வந்தால் அந்த வீட்டு அம்மா அடுப்பைச் சுற்றி எங்கள் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு மூங்கில் குருத்துப் போட்ட குழம்போடு சோறு வைப்பார். மேடை கட்டியவர் அந்த வீட்டு ஐயாவின் தம்பி. மேடையில் இன்றைக்கு யார் நன்றாகப் பாடினார்கள் என்று அடுப்படியில் விவாதம் நடக்கும், அந்த அம்மாவுக்குப் பிடித்தது ஒரு குழு, ஐயாவுக்கு வேறொன்று. வெளியூரிலிருந்து கம்பெனி வந்து மைதானத்தை வாடகைக்கு எடுத்து, ஊர்க்காரனைத் தடுப்புக்கு அந்தப்பக்கம் நிறுத்திவிட்டு, குப்பையைப் போட்டுவிட்டுப் போகிற நிகழ்ச்சியாக இருந்தால் அந்த அடுப்படிப் பேச்சு நடக்காது. சாப்பாடு, தங்குகிற இடம், மேடை, பார்க்கிங் எல்லாம் ஊர்க்காரர்கள் கையில் இருந்தால் பாட்டையும் அவர்கள் தங்கள் பாட்டாக எடுத்துக்கொள்வார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போலீஸ் பர்மிஷனுக்கு அலைகிறவன் நான். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களில் பன்னிரண்டு மணி வரை மாநில அரசு தளர்த்திக் கொடுக்கலாம், அதுவும் வருடத்துக்கு 15 நாளுக்கு மேல் கூடாது. ஒரே ஒரு நட்சத்திரம் ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லி ஒன்பது மணிக்கு வந்தால் இந்தப் பத்து மணி எல்லாருக்கும் தலைவலிதான். பல குழு விழாவில் அந்தப் பிரச்சினையே வராது. மத்தியானம் ஒரு மணிக்குத் தொடங்குங்கள், ஒரு குழுவுக்கு 40 நிமிடம், மாற்ற 20 நிமிடம், மணிக்கு ஒரு குழு. ஒன்பதரைக்குள் எட்டுக் குழு, சாப்பாட்டு இடைவேளையோடு. மூன்று நாளில் 24 குழு. இது கணக்குப் போட்டுப் பார்த்ததுதான், நடத்தவும் முடியும்.

உங்கள் பத்திரிகையிடம் ஒரு கோரிக்கை உண்டு. எங்கள் மாவட்டப் பதிப்பில் வாரம் ஒரு முறை, கால் பக்கம் போதும், சொந்தப் பாட்டுப் பாடுகிற ஒரு குழுவைப் பற்றி எழுதுங்கள். யார் யார் என்ன வாசிக்கிறார்கள், எந்த ஊர், அடுத்து எங்கே வாசிக்கிறார்கள் என்று பெயரோடு போடுங்கள். பத்திரிகையில் பெயர் வந்த குழு என்றால் கமிட்டிக்காரர்கள் ஒரு வாய்ப்புக் கொடுப்பார்கள், எனக்கு அவர்களைத் தெரியும். இசை நிகழ்ச்சி பற்றி விமர்சனம் எழுதும்போது டிரம்ஸ்காரர் பெயரையும் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். என்னிடம் 32 சேனல் டிஜிட்டல் மிக்ஸர் இருக்கிறது, இரண்டாயிரம் பேருக்குக் கேட்கும் அளவுக்கு ஸ்பீக்கர் இருக்கிறது, ஆறு மானிட்டர், மைக்கும் ஸ்டாண்டும் வேண்டிய அளவு. மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர் மாவட்டங்களில் எந்த ஊராவது இப்படி மூன்று நாள் விழா நடத்த முன்வந்தால், மூன்று நாளும் வாடகை வாங்காமல் நானே வந்து நிற்கிறேன். ஜெனரேட்டருக்கு டீசலும் என் பையன்கள் இரண்டு பேருக்குச் சாப்பாடும் போதும். மேடையை மூங்கிலில் கட்டச் சொல்லவில்லை, பனை ஓலைப் பந்தல் போட்டாலே ஓசை அழகாக இருக்கும், தகர ஷீட் மட்டும் வேண்டாம்.

போன மாதம் அந்தத் திருப்பூர் பையனின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. கிட்டார் இன்னும் வைத்திருக்கிறானாம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பானாம். அன்றைக்கு நான் செய்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "கண்மாய்ப் பாட்டுக்கு இப்ப இன்னும் ரெண்டு சரணம் எழுதியிருக்கேண்ணே" என்றான். விழா எந்த ஊரில் நடந்தாலும் முதல் நாள் மத்தியானம் ஒரு மணிக்கு முதல் 40 நிமிடத்தை அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்வேன். லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஒலிபெருக்கி நிலையம் நடத்தும் வாசகன்,
மதுரை மாவட்டம்.